குழாயின் மறுமுனை மலையில் இருக்கிறது

மே மாதத்துச் சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டிக்குக் கூட்டம் நெரியும். பைக்குள் ஸ்வெட்டர், பிள்ளைகள் கண்ணில் இன்னும் தூக்கம். அதே நேரம் பக்கத்துத் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும். "தண்ணி வந்திருச்சா?" என்று ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் குரல் போகும். வெயில் தாங்காமல் மதுரைக்காரர்கள் ஓடுவதும் மேற்கு மலைக்குத்தான். குடத்தில் பிடிப்பதும் மேற்கு மலையின் தண்ணீர்தான். குளிரைத் தேடிப் போகிறோம் என்பது நமக்குத் தெரிகிறது. தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது என்பது மறந்துபோகிறது.

மலையில் வளர்ச்சியா, இயற்கைப் பாதுகாப்பா என்ற விவாதம் ஒவ்வொரு நிலச்சரிவுக்குப் பிறகும் கிளம்பி, இரண்டு வாரத்தில் அடங்கிவிடுகிறது. "ஒரு கல்லையும் தொடக் கூடாது" என்கிறார்கள் சிலர். "மலையில் இருப்பவன் மட்டும் ரோடு இல்லாமல் கிடக்க வேண்டுமா" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் மலை என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. அங்கிருந்து தொடங்கினால் பாதிச் சண்டை தானாகவே தெளியும் என்று நினைக்கிறேன்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளின் பெயரை வரிசையாகச் சொன்னாலே தண்ணீர் வரும் வழி முழுக்கத் தெரிந்துவிடும். வைகை பிறப்பது தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில். கொடைக்கானலின் தெற்குச் சரிவிலிருந்து கும்பக்கரை அருவி வழியாகப் பாம்பாறு, சோத்துப்பாறை அணைக்கு வரும் வராக நதி, தேவதானப்பட்டிப் பக்கம் மஞ்சளாறு, அய்யம்பாளையத்துப் பக்கம் மருதாநதி எல்லாம் கடைசியில் வைகையைச் சேர்பவை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுருளியாறு வருகிறது. சிறுமலைச் சரிவில் இறங்கும் சாத்தையாறு பாலமேடு பக்கத்துக் கண்மாய்களை நிரப்புகிறது. அழகர்மலையில் நூபுர கங்கை ஊறுகிறது. அழகருக்கு அந்தத் தண்ணீரில்தான் திருமஞ்சனம்.

இத்தனைக்கும் மேலே 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலூர் வரை அதனால் நெல் விளைந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து நேராகக் குழாய் போட்டு மதுரை மாநகருக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டமும் அதே தண்ணீரை நம்பியதுதான்.

அந்தப் பெரியாற்று ஏரியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அணையில் 136 அடி தேக்குவதா, 142 அடி தேக்குவதா என்று இரண்டு மாநிலமும் வாதாடின; 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. ஆனால் அந்த ஏரியைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் காடாகவே காக்கப்பட்டு வந்திருக்கிறது. பிறகு சரணாலயமாகி, 1978இல் புலிகள் காப்பகமும் ஆனது. நம் வயலுக்கு வரும் தண்ணீரை நமக்காகப் பிடித்து வைத்திருப்பது அணை மட்டுமில்லை, அந்தக் காடும்தான். அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக் கம்பம் பக்கம் பொங்கல் வைக்கிறார்கள், நியாயம்தான். காட்டுக்கு அப்படி யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

வைகை அணையின் கதை வேறு. 1959இல் திறந்தது, 111 அடி உயரத்துக்குக் கட்டி 71 அடி வரை தேக்குகிறோம். மூல வைகைச் சரிவுகளில் காடு கழிந்த இடத்து மண் ஒவ்வொரு மழைக்கும் கீழே இறங்கி அணைக்குள் படிகிறது. தூர் வார வேண்டும் என்ற கோரிக்கை விவசாயிகளிடம் வெகுகாலமாக இருக்கிறது. வாரலாம். ஆனால் மேலே சரிவு வெறுமையாகக் கிடக்கும் வரை, வாரிய பள்ளத்தில் மறுபடி மண் வந்து விழும்.

சரி, காடு எப்படித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது? இதை எனக்குப் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர் மேல்மலையில் ஒரு விவசாயி. கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கத்து ஊர்களை மேல்மலை என்பார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலை. ஒரு ஜனவரியில் மன்னவனூர்ப் பக்கம் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. மேட்டுப் புல்வெளி காலடியில் மொறுமொறுத்தது. இரண்டு மேடுகள் சேரும் மடிப்பில் சோலை. உள்ளே கால் வைத்ததும் தரை மெத்தை மாதிரி அமுங்கியது. அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தார். பாதி இலைமக்கு, பாதி கறுப்பு மண். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"மழை விட்டு இருபது நாளாச்சு சார். இன்னும் வடிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. சித்திரை வரைக்கும் வடியும்" என்றார். சொல்லிக்கொண்டே காலடியில் முளைத்திருந்த ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பக்கத்துப் பாறையில் வேர் மேலே தெரிய வைத்தார். சீகைக் கன்று; வெளிநாட்டிலிருந்து வந்து புல்வெளியை அடைக்கும் மரம். மண்ணில் போட்டால் திரும்பவும் பிடித்துக்கொள்ளுமாம்.

அவர் காட்டியதுதான் சோலை, புல்வெளி இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. புல் அடர்த்தியாக இருப்பதால் மழைத்துளி மண்ணை அடித்துக்கொண்டு போவதில்லை. தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. புல்லின் வேர் மேலோட்டமானது, அது உறிஞ்சுவதும் கொஞ்சம். இறங்கிய தண்ணீர் மடிப்பில் இருக்கும் சோலைக்கு வந்து சேர்கிறது. அங்கே இலைமக்குப் படிந்த கறுப்பு மண் அதைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்து, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கிறது. மேகம் தவழும் நாட்களில் இலையில் படியும் பனியும் தண்ணீராகி இறங்குகிறது. மழையில்லாத மாதத்திலும் மலை ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரியும் இப்படிப்பட்ட காட்டுக்குள்தான் இருக்கிறது.

இந்தப் புல்வெளியைச் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று ஆங்கிலேயர் காலத்திலும் நினைத்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் நினைத்தார்கள். தோல் பதனிடப் பட்டை கிடைக்கும் என்று சீகை, ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்று தைல மரம், அப்புறம் பைன். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைத்தொடரின் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதே காலத்தில் நட்டு வளர்த்த மரத்தோப்பு ஏறக்குறைய பன்னிரண்டு மடங்காகிவிட்டது. மரம் நட்டால் நல்லது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சமவெளியில் அது சரி. உச்சிமலைப் புல்வெளியில் வெளிநாட்டு மரத்தைத் தோப்பாக நட்டால் அது வருசம் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, கீழே புல்லையும் வளர விடுவதில்லை. கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் கடைவீதியிலும் காட்டுமாடு நடமாடுவதைச் செல்போனில் எடுத்து அனுப்புகிறோம். மேய்ந்த புல்வெளி தோப்பானால் அது வேறெங்கே போகும்?

தண்ணீரைப் பிடித்து வைக்கும் அதே மண்தான் சரிந்து விழவும் செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு காட்டேஜின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் போதும். முன்பக்கம் பள்ளத்தாக்குக் காட்சி, பூந்தொட்டி. பின்பக்கம், கட்டடத்துக்கு இடம் வேண்டும் என்று பொக்லைன் வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டிய சுவடு இருக்கும். நான் பார்த்த ஓரிடத்தில் வெட்டு இரண்டு ஆள் உயரம். மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே செம்மண், அடியில் உதிரும் பாறை. வெட்டுப்பட்ட வேர்கள் அந்தரத்தில் தொங்கின. செம்மண்ணும் பாறையும் சேரும் கோட்டில் மட்டும் ஈரம் பளபளத்தது.

அந்த ஈரக் கோடுதான் விஷயம். சரிவில் இருக்கும் மண்ணை அதன் எடையே கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. மண் துகள்களின் உராய்வு, வேர்களின் பிடி, அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் மண் இவை மூன்றும்தான் அதை நிறுத்தி வைக்கின்றன. அடியை வெட்டினால் முட்டுப் போகிறது. மேலே மரத்தை எடுத்தால் கொஞ்ச வருடத்தில் வேர் மக்கிப் பிடி போகிறது. பெருமழையில் தண்ணீர் இறங்கி, பாறைக்கு மேல் தேங்கி, துகள்களை விலக்கித் தள்ளும்போது உராய்வும் போகிறது. அதன் பிறகு ஒரு இரவு மழை போதும்.

தடுப்புச் சுவர் கட்டிவிட்டால் சரியாகுமா என்றால், எப்படிக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்களின் கல்கட்டுகளைப் பாருங்கள். சாந்து கிடையாது, கல்லை அடுக்கியிருக்கிறார்கள், இடுக்கில் தண்ணீர் கசிந்து வெளியேறிவிடும். கான்கிரீட் சுவரில் வடிகால் துளை விடாவிட்டாலோ, விட்ட துளை அடைத்துக்கொண்டாலோ, அந்தச் சுவரே பின்னால் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு ஒருநாள் மொத்தமாகச் சாய்கிறது.

மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சாலை ஒன்றில் இதற்கு உதாரணம் இருக்கிறது. கொச்சியிலிருந்து தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85 நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அதே சாலையில் தேனி, போடி தாண்டி, போடிமெட்டு ஏறினால் மூணாறு. போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் இடையில் சாலையை அகலப்படுத்தப் பாறையை வெட்டினார்கள். கேப் ரோடு என்று சொல்லும் பகுதியில் 2019இலும் 2020இலும் பெரிய சரிவுகள் விழுந்தன. போக்குவரத்து நின்றதோடு, கீழே இருந்த விளைநிலமும் பாறையில் புதைந்தது. அகலமான சாலை கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை டிகிரி சரிவில் வெட்டலாம், வெடி வைக்கலாமா, வெட்டிய கல்லை எங்கே கொட்டுவது என்பதை மலையின் பாறை முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசித் தேதி முடிவு செய்யக் கூடாது.

அதே மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு நடந்தது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தென்மாவட்டங்களை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள். அங்கே பொக்லைன் வெட்டைக் குற்றம் சொல்ல முடியாது, அடைமழை காரணம். ஆனால் மேலே சரிவு, பக்கத்தில் ஓடை என்ற இடத்தில் வரிசை வீடுகளைக் கட்டி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருக்க வைத்தது மழை இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 2024 ஜூலை 30இல் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கும் தோட்டத் தொழிலாளர் வீடுகள் உண்டு. மலையில் தவறு நடந்தால் முதலில் சாவது இடத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லாதவர்கள்தான்.

இனி கொடைக்கானலுக்கு வருவோம். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரைப் பக்கத்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே ஏறி வீடு கட்டினார்கள். 1863இல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கப்பட்டது. மோட்டார் சாலை வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆக, ஊரே கீழ்நாட்டின் தேவைக்காகப் பிறந்த ஊர். அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை.

1983இல் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே வைக்கப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001இல் மூடப்பட்டது. வேலை பார்த்த 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. அந்த வளாகத்தை ஒட்டி இறங்குவது பாம்பாற்றுச் சோலை. அதன் தண்ணீர் கும்பக்கரை வழியாக வைகைப் பக்கம் வருகிறது. மலை உச்சியில் வைத்த எதுவும் மலை உச்சியிலேயே நின்றுவிடாது.

கட்டடங்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990இல் வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டவோ நிலத்தைப் பிரிக்கவோ தனி அனுமதி வேண்டும். கொடைக்கானலின் முழுமைத் திட்டம் 1993இல் வந்தது. ஆனால் ஊர் திட்டத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. 2019இல் உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி விதிமீறிய விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விதி காலத்துக்கு ஏற்பத் திருத்தப்படாவிட்டால், இரண்டு சென்ட் நிலத்தில் பிள்ளைக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டியவரும் விதிமீறியவர், ஐந்து மாடி எழுப்பியவரும் விதிமீறியவர். பின்னவருக்கு வழக்கறிஞர் கிடைப்பார்.

அப்புறம் வந்தது இ-பாஸ். சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வாரக் கடைசியில் 6,000 வாகனம் என்று உச்சவரம்பு வந்தது. உள்ளூர் வாகனத்துக்கும் அரசுப் பேருந்துக்கும் தடையில்லை. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஐஐடி சென்னையும் ஐஐஎம் பெங்களூருவும் ஆராய வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

விடுதி, கடை வைத்திருப்பவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆறு மாத வாடகையைக் கோடைக்கால இரண்டு மாதத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை. ஆனால் எண்ணாமல் இருந்த ஒன்றை எண்ணத் தொடங்கியது நல்ல காரியம் என்பேன். வாகனத்தை எண்ணினால் மட்டும் போதாது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மூன்று மணி நேரம் நிற்கும் கார் வெளியேற்றும் புகை ஒரு பக்கம். அதில் வந்தவர்கள் குளிக்க, கழிக்கத் தேவையான தண்ணீர் இன்னொரு பக்கம். சீசனில் விடுதிகளுக்கு லாரியில் தண்ணீர் போகிறது. அந்த லாரி நிரம்பும் ஊற்றுக்குக் கீழே ஒரு ஊர் குடிக்கக் காத்திருக்கிறது. படுக்கை எண்ணிக்கையையும் ஊற்றின் வரத்தையும் ஒரே தாளில் எழுதாமல் தாங்கும் திறனைச் சொல்லவே முடியாது.

இவ்வளவு சொன்னபின் மலையிலேயே பிறந்து வாழ்பவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். வெள்ளகெவி என்று ஒரு ஊர், கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவில் சரிவில் இருக்கிறது. கொடைக்கானல் நகரத்தைவிடப் பழமையான ஊர் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லை. பிரசவ வலி வந்தால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அந்த ஊருக்குப் பாதை கேட்பதும், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நீச்சல் குளம் வைத்த விடுதிக்கு அனுமதி கேட்பதும் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இந்த ஒரே சொல்தான் நம்மைக் குழப்புகிறது. முதலாவது, உயிர்த் தேவை. அதை மலைக்குச் சேதம் குறைவாக எப்படிச் செய்வது என்று பொறியாளர் யோசிக்க வேண்டும். இரண்டாவது வியாபாரம், அது வேண்டுமா என்றே முதலில் கேட்கலாம். பளியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டம் 2006இலேயே உரிமை கொடுத்தும், பட்டாவுக்கு இன்னும் அலைபவர்கள் இருக்கிறார்கள். காட்டைக் காப்பது என்றால் முதலில் அவர்களை வெளியேற்றுவது என்று அர்த்தமானால், அந்தக் காப்பை மலையில் யாரும் நம்பமாட்டார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அறிக்கைகளும் இந்த நம்பிக்கைக் குறைவில்தான் சிக்கிக்கொண்டன. மாதவ் காட்கில் குழு 2011இல் மலைத்தொடர் முழுவதையும் மூன்று நிலைகளாகப் பிரித்துப் பாதுகாக்கச் சொன்னது. முடிவெடுப்பதில் கிராமசபைக்கு இடம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அது கடுமை என்று எதிர்ப்பு கிளம்ப, 2013இல் கஸ்தூரிரங்கன் குழு ஏறக்குறைய 37 விழுக்காட்டுப் பரப்பைப் போதும் என்றது. அதன் அடிப்படையிலான வரைவு அறிவிப்பு ஆறாவது முறையாக வந்த நாள் 2024 ஜூலை 31, வயநாட்டுச் சரிவுக்கு மறுநாள். அந்த வரைவு தடுப்பது சுரங்கம், குவாரி, மணல் எடுப்பு, புதிய அனல்மின் நிலையம், அதிகம் மாசுபடுத்தும் 'சிவப்பு' வகைத் தொழிற்சாலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடம் ஆகியவற்றை. விவசாயியின் நிலத்தைப் பிடுங்கும் வாசகம் அதில் இல்லை. ஆனாலும் "உன் தோட்டம் போகப் போகிறது" என்ற பேச்சு மலை ஊர்களில் எளிதாகப் பரவியது. அறிக்கையை அந்த மக்களின் மொழியில், அவர்களின் மந்தையில் உட்கார்ந்து யாரும் படித்துச் சொல்லாததன் விளைவு இது.

மக்களிடம் அறிவு இருக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்பதற்கு மதுரைக்குப் பக்கத்திலேயே சாட்சி அரிட்டாபட்டி. மேலூர் வட்டத்தில் ஏழு குன்றுகள். மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒப்பிட்டால் சின்னப் பாறைகள்தான். ஆனால் அந்தப் பாறைத் தோலில் வழியும் மழைதான் சுனைகளையும் கண்மாய்களையும் நிரப்புகிறது. 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள் என்று கணக்குச் சொல்லி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அதை அறிவித்தது. வல்லூறும் ராஜாளியும் கூடு கட்டும் பாறை, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரைக் கோயில் எல்லாம் ஒரே ஊரில்.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது என்று செய்தி வந்தது. பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர், அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலமும் அதற்குள். ஏலம் விடும் முன் அந்த ஊர்களில் யாரும் கேட்கவில்லை. கிரானைட் வெட்டிப் போன குழிகளை இருபது ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதி அது. குன்று போனால் கண்மாய்க்கு வரத்துப் போகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7இல் மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்து வந்தார்கள். ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவையான உலோகம், அதில் சந்தேகம் இல்லை. கண்மாயும் நாட்டுக்குள்தான் இருக்கிறது.

இதைவிடக் கடினமான வழக்கு போடி மேற்கு மலையில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயப் போட்ட பொட்டிப்புரம் ஆய்வகத் திட்டம். மலைக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கு அதிகமான பாறை, 50,000 டன் இரும்புக் காந்தம். கதிர்வீச்சு வரும், அணை உடையும் என்று பரவிய பயத்தில் பெரும்பகுதி ஆதாரமில்லாதது என்பதே என் கருத்து. அடிப்படை அறிவியலும் நமக்கு வேண்டும். ஆனால் அவ்வளவு பாறையை வெடி வைத்து எடுத்துக் கொட்டுவது, அதுவும் மதிகெட்டான் சோலையையும் பெரியாற்றையும் இணைக்கும் புலிகளின் வழித்தடத்துக்குப் பக்கத்தில், லேசான கேள்வி இல்லை. 2022இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் எதிர்த்தது. இதிலும் தொடக்கத்திலேயே உள்ளூர் மக்களை அழைத்துப் பேசியிருந்தால், வீண் பயம் விலகி உண்மையான கேள்வி முன்னுக்கு வந்திருக்கும்.

சரி, மதுரை என்ன செய்யலாம்? தண்ணீர் குடிக்கிற ஊர் மேலே காட்டைக் காப்பவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். நம் தண்ணீர் வரியில் ஒரு சின்னப் பங்கு வருசநாட்டு, மேல்மலை ஊராட்சிகளுக்குப் போகட்டும். சீகை பிடுங்கவும், ஓடைக்கரையில் சோலை மரம் நடவும், ஊற்றைப் பராமரிக்கவும் அந்த ஊர் ஆட்களுக்கே கூலியாக. சீகையை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதும் ஆபத்து. வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும், மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிய விதையெல்லாம் கூட்டமாக முளைத்துவிடும். பழைய தோப்பு நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக எழுந்துவரும் இடங்களும் இருக்கின்றன. அவற்றை விட்டுவைக்க வேண்டும். இது கையால் செய்யும், வருடக்கணக்கான வேலை. வேலையில்லாத மாதங்களில் மலை ஊர்களுக்கு இது வருமானமும் ஆகும்.

கொடைக்கானல் போகிறவர்கள் காரைக் கீழே விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினால் இ-பாஸ் சண்டையில் பாதி இல்லாமல் போகும். அதற்குக் கீழே வாகனம் நிறுத்த இடமும், காலை முதல் இரவு வரை நிற்காமல் ஓடும் பஸ்ஸும் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே 20 ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள். அந்தப் பணம் எந்த ஓடையைச் சுத்தம் செய்தது என்று போர்டு வைத்துச் சொன்னால் கொடுப்பவருக்கும் மனம் வரும்.

2018இல் மேல்மலையில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. அன்றைக்கு வரப்போகும் கூட்டத்துக்கு ஆரப்பாளையத்திலிருந்து எத்தனை பஸ் விடுவது, காரையெல்லாம் எங்கே நிறுத்துவது என்று இப்போதே உட்கார்ந்து பேசலாம். குறிஞ்சி வளர்வது திறந்த புல்வெளியில்; தோப்பு நிழலில் அதற்கு வாழ்வில்லை. அந்த விவசாயிக்குப் போன மாதம் போன் செய்தேன். அவர் ஊற்றைச் சுற்றி ஒரு ஏக்கர் அளவுக்குச் சீகையைப் பிடுங்கியாகிவிட்டதாம், புல் வரத் தொடங்கியிருக்கிறதாம். "பக்கத்து மேடு வனத்துறையோடது சார், அதுல நான் கை வைக்க முடியாது. கேட்டுப் பாத்திருக்கேன், இன்னும் பதில் வரல" என்றார்.